கிரீன் சிலே சீஸ்பர்கரும் காலை புரிட்டோவும்: நியூ மெக்சிகோ கடைப் பக்குவம் வீட்டில் ஏன் நசநசத்துப் போகிறது?

1 | வெங்கலப்பானை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிளேக்ஸ் லோட்டாபர்கர் மாதிரிக் கடைகளில் கிடைக்கும் கிரீன் சிலே (சுட்டு உரித்த பச்சை மிளகாய்) சீஸ்பர்கர், காலை புரிட்டோ (முட்டை, உருளை அடைத்துச் சுருட்டிய ரொட்டி) இரண்டைப் பற்றியும்தான் கேள்வி.

செய்முறை இது. கடையில் விற்கும், உறைய வைத்த நறுக்கிய மிளகாய் (மிதமான காரம்). மைக்ரோவேவில் இளக்கி, அப்படியே இறைச்சி மேல் இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் சீஸ், பன். (அரைத்த இறைச்சியை வட்டமாகத் தட்டிய 'patty'யைத் தமிழில் எழுதினால் பாட்டியா, நேர்காணல் பேட்டியா என்று குழப்பம். 'வில்லை' என்றே வைத்துக்கொள்கிறேன்.) இரண்டே நிமிஷத்தில் அடிப் பன் டீயில் முக்கிய ரஸ்க் ஆகிவிடுகிறது. சுட்ட வாசனை பேருக்குக்கூட இல்லை. புரிட்டோ இன்னும் மோசம்: டார்ட்டியா (சுருட்டும் மெல்லிய மைதா ரொட்டி) மடிக்கும்போதே கிழிகிறது, தப்பித்தவறிக் கிழியாவிட்டால் கடைசி வாயில் பச்சைத் தண்ணீர் கையில் வழிகிறது.

மிளகாயா, பன்னா, கைப்பக்குவமா? எது தப்பு?

2 | கல்சூடு

தண்ணீர். மற்றதெல்லாம் அப்புறம்.

சுட்டு உரித்த மிளகாயே ஈரமான சரக்கு. அதை உறைய வைத்தால் சதைக்குள் பனிக்கட்டி முளைத்து செல் சுவரைக் கிழிக்கிறது, இளகும்போது உள்ளே இருந்த நீரெல்லாம் வெளியே வருகிறது. மைக்ரோவேவில் இளக்கினால் அந்த நீரிலேயே மிளகாய் வேகவும் செய்கிறது. நீங்கள் பன் மேல் வைத்தது பாதி மிளகாய், பாதி ரசம்.

செய்ய வேண்டியது:

முதல் நாள் இரவே டப்பாவிலிருந்து எடுத்து, வடிகட்டியில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜில் விடுங்கள். காலையில் லேசாக அழுத்துங்கள். பிழிந்து சக்கையாக்க வேண்டாம். கிண்ணத்தில் இறங்கியதைக் கொட்டிவிடாதீர்கள், காரமும் வாசனையும் அதிலும் கொஞ்சம் இருக்கும். பீன்ஸ் வேகும்போது ஊற்றலாம்.

பிறகு மிளகாயைச் சூடான கல்லில் ஒரு சொட்டு எண்ணெயோடு பரப்பி 3, 4 நிமிஷம் வாட்டுங்கள். முதலில் 'சொர்' என்று நீர்ச் சத்தம் வரும். அது மாறி எண்ணெய் பொரியும் சத்தம் வந்தால் போதும். 1 பவுண்டு (450 கிராம்) மிளகாய்க்கு அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் பூண்டுத் தூள். உப்பை முதலிலேயே போட்டால் மறுபடி நீர் விடும், கடைசியில் போடுங்கள்.

ஒரு பர்கருக்கு 35 முதல் 40 கிராம். அதற்கு மேல் போனால் வில்லை சறுக்கும்.

பன்னின் வெட்டுப் பக்கம் இரண்டையும் வெண்ணெயோ எண்ணெயோ தடவிக் கல்லில் கவிழ்த்துப் பொன்னிறமாக்குங்கள். டோஸ்டர் வேண்டாம். அது உலர்த்தும், கொழுப்புப் படலம் தராது. நீரைத் தடுப்பது அந்தப் படலம்தான்.

3 | பாலைக்காற்று

கல்சூடு சொன்னதில் ஒரு விஷயம் சேர்க்கணும், வில்லையின் கனம். பிளேக்ஸ் மாதிரிக் கடைகளின் பர்கர் அரை அங்குல உணவக பர்கர் கிடையாது. மெல்லிசு, அகலம். கால் பவுண்டு (113 கிராம்) இறைச்சியை பன்னைவிட அரை அங்குலம் பெரிதாகத் தட்டினால் வெந்து சுருங்கும்போது பன் அளவுக்குச் சரியாக வரும். கனமாகத் தட்டினால் நடுவில் குமிழ்ந்து பந்தாகும், மிளகாய் சரிந்து ஓரத்தில் விழும்.

கல் 200 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கணும். முதல் பக்கம் இரண்டரை நிமிஷம், திருப்பி ஒன்றரை. அரைத்த மாட்டிறைச்சி என்பதால் உள்ளே 71 டிகிரி தொட்டாக வேண்டும், சிவப்பாக விடும் விளையாட்டு இதில் கூடாது. திருப்பிய உடனே மிளகாய், அதற்கு மேல் சீஸ், ஒரு மூடி கவிழ்த்து 40 வினாடி. சீஸ் உருகி மிளகாயைப் பிடித்துக்கொள்ளும். பசையும் அதுவே, மேல் பன்னுக்குத் தடுப்பும் அதுவே.

தெரியாதவர்களுக்கு: பிளேக் சான்ஸ்லர் 1952இல் ஆல்புகர்க்கியில் தொடங்கிய சங்கிலி இது. எழுபதுக்கு மேல் கிளைகள், பெரும்பாலும் நியூ மெக்சிகோவுக்குள். மாநில எல்லை தாண்டி எல் பாஸோ, டூசான் வரை போயிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய வில்லை 'லோட்டா', சின்னது 'இட்சா'. கடுகு, ஊறுவெள்ளரி, வெங்காயம், லெட்டூஸ், தக்காளி வழக்கமாக வரும். சிலேயும் சீஸும் கேட்டு வாங்குவது.

4 | மேசைவிரிப்பு

> மிளகாய், அதற்கு மேல் சீஸ்

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சீஸ் நேராக இறைச்சி மேல் உருகி, மிளகாய் அதற்கு மேலே இருந்தால்தான் முதல் கடியில் மிளகாய் முன்னே வரும். அடியில் போட்டால் சீஸ் வாசனையை மூடிவிடுகிறது.

5 | பாலைக்காற்று

மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு நீங்கள் சொல்வது சரி. காருக்குள் கொடுத்து, தாளில் சுற்றி, பத்து நிமிஷம் கழித்துப் பிரிக்கும் பர்கருக்கு மேலே போட்ட மிளகாய் மேல் பன்னை ஊற வைக்கும். எங்கே சாப்பிடப் போகிறோம் என்று பார்த்து அடுக்குங்கள்.

6 | தூதுவளை

சின்ன சந்தேகம். எல்லோரும் 'சிலே' என்று எழுதுகிறீர்களே, சில்லிதானே?

7 | கல்சூடு

அங்கே இரண்டும் வேறுங்க. சிலே என்றால் மிளகாய், அந்த மிளகாயில் செய்த குழம்பும் சிலேதான். சில்லி என்றால் டெக்சாஸ் பக்கத்து இறைச்சிக் குழம்பு, சீரகம் தூக்கலாக. நியூ மெக்சிகோவில் 'சில்லி' என்று எழுதிப் பலகை வைத்தால் கடைக்காரர் வெளியூர் என்று அர்த்தம். 1965இல் சிலேயையும் பிண்டோ பீன்ஸையும் மாநிலக் காய்களாக அறிவித்தார்கள். 1996இல் 'சிவப்பா, பச்சையா?' என்பதை மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் கேள்வியாக்கினார்கள். 2023இல் மிளகாய் சுடும் வாசனையை மாநில வாசனையாகவும் சட்டம் போட்டாயிற்று. எழுத்து மாறினால் கோபப்படாமல் என்ன செய்வார்கள்?

பச்சையும் சிவப்பும் ஒரே செடிதான். பறிக்காமல் விட்டால் பழுத்துச் சிவக்கும். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும்.

8 | சுள்ளி

உறைந்த டப்பாவில் சுட்ட வாசனையைத் தேடுவது கஷ்டம். ஆகஸ்ட், செப்டம்பரில் பச்சை மிளகாயாகவே வாங்கிச் சுட்டு வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்கு ஆகும்.

வகை முதலில். மூட்டையில் போட்டிருக்கும் 'ஹேட்ச்' வகையின் பெயரல்ல, நியூ மெக்சிகோவில் ஒரு பள்ளத்தாக்கு ஊரின் பெயர். அந்தப் பள்ளத்தாக்கில் விளைந்த எதையும் அப்படி விற்பார்கள். மூட்டைக்குள் என்ன வகை என்று கேளுங்கள். ஹெரிடேஜ் 6-4 சாதுவானது. பிக் ஜிம் (நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் நாகயாமா உருவாக்கி 1975இல் வெளியிட்டது) நீளம், தடிச் சதை, மிதமான காரம். உரிக்க இதுதான் சுலபம், பர்கருக்கும் இதுதான். சாண்டியா காரம் தூக்கல், சதை கொஞ்சம் மெல்லிசு, சிவப்பாகக் காய வைக்கவும் நன்றாக வரும். ஒரே வகையிலும், ஏன் ஒரே செடியிலும்கூட, காய்க்குக் காய் காரம் மாறும். தண்ணீர் இல்லாமல் வாடிய செடியின் காய் உறைக்கும். அதனால் மூட்டை முழுவதையும் நறுக்கிக் கலந்துவிட்டுப் பிறகு பங்கு போடுங்கள். ஒரு பொட்டலம் சப்பென்றும் அடுத்தது நெருப்பாகவும் இருப்பதற்குக் காரணம் கலக்காததுதான்.

நிறுத்துப் பார்த்தால் கனமாக, நேராக, தொட்டால் கல்லு மாதிரி இருக்கும் காய் வேண்டும். வளைந்து சுருண்ட காயின் மடிப்புக்குள் நெருப்பு போகாது, அந்த இடத்துத் தோல் உரியாது.

கடைவாசலில் சுடுவது கம்பி வலை உருளையில். கீழே புரொப்பேன் ஜ்வாலை, மேலே உருளை சுழலும். 25, 30 பவுண்டு மூட்டை ஒன்று 5 முதல் 10 நிமிஷத்தில் முடியும். வீட்டில் என்றால் பிராய்லருக்கு (ஓவனின் மேல்பக்கச் சூடு) நாலு அங்குலம் கீழே ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு பக்கமும் 4, 5 நிமிஷம். சுடுவதற்கு முன் ஒவ்வொரு காயிலும் காம்புக்குப் பக்கத்தில் கத்தி முனையால் ஒரு கீறல் போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும்.

எவ்வளவு சுடுவது? தோல் கொப்புளித்து முக்கால் பாகம் கருத்தால் போதும், சதை பச்சையாகவே இருக்கணும். கத்தரிக்காயைச் சுடுகிற மாதிரி குழைய விட்டால் தோலோடு சதையும் போய்விடும். குறையச் சுட்டால் தோல் பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒட்டிக்கொண்டு வாயில் நெருடும்.

சுட்டதும் மூடிய பாத்திரத்தில் 15 நிமிஷம் புழுங்க விடுங்கள். பிறகு தட்டில் பரப்பி ஆற விடுங்கள். உரிக்கும்போது குழாயடியில் கழுவாதீர்கள். கையைக் கிண்ணத் தண்ணீரில் நனைத்து நனைத்து உரித்தால் போதும். கழுவினால் சுட்ட வாசனை மொத்தமும் சாக்கடைக்குப் போகும். அங்கங்கே கரும்புள்ளி ஒட்டியிருப்பது நல்லதுதான். கையுறை கட்டாயம். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. குறைக்க வேண்டுமானால் நரம்பை வழித்தெடுங்கள்.

1 பவுண்டு பச்சைக் காய்க்கு, உரித்துக் காம்பு நீக்கினால் அரை பவுண்டுக்குச் சற்று மேலே தேறும்.

9 | தூதுவளை

அருமை. இதை நல்லெண்ணெய் ஊற்றி ஜாடியில் ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்ளலாமா? ஃப்ரீசரில் இடமில்லை.

10 | ஆய்வுக்கூடம்

வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். சுட்ட மிளகாய் புளிப்புக் குறைந்த பொருள், பி.எச். 4.6க்கு மேலே. எண்ணெய் மேலே நின்றால் காற்று புகாது, ஈரமும் இருக்கிறது. அறை வெப்பத்தில் போட்டுலினம் கிருமி வளர இதைவிட வசதியான இடம் கிடையாது. விஷம் இருப்பது மணத்திலோ ருசியிலோ தெரியாது. நம் ஊர் ஊறுகாய் தாங்குவதற்குக் காரணம் எண்ணெய் மட்டும் அல்ல, புளியும் எலுமிச்சையும் ஏராளமான உப்பும். இதில் அவை எதுவும் இல்லை.

கொதிநீரில் ஜாடியை மூழ்கவைத்து மூடுவதும் போதாது. ஜாடியில் அடைப்பதானால் அதற்கென்றே உள்ள பிரஷர் கேனர் வேண்டும், சோதித்த நேர அட்டவணைப்படி. நம் விசில் குக்கர் அதற்கு ஈடாகாது.

ஃப்ரீசர்தான் வழி. சுட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குப் போகணும். பெரிய பையில் சூட்டோடு அடைத்து வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், தப்பு அங்கேதான் நடக்கிறது. 200 கிராம் பைகளாக, காற்றை வெளியேற்றித் தட்டையாக அழுத்தி, தட்டில் படுக்க வைத்து உறைய விடுங்கள். புத்தகம் அடுக்குகிற மாதிரி அடுக்கலாம், இடமும் மிச்சம். மைனஸ் 18 டிகிரியில் ஒரு வருஷம் நிற்கும். உரிக்க நேரமில்லை என்றால் தோலோடேயே உறைய வைக்கலாம், இளகும்போது தோல் தானாகக் கழன்று வரும்.

11 | சுள்ளி

> மூடிய பாத்திரத்தில் 15 நிமிஷம்

நானே ஒன்று திருத்திக்கொள்கிறேன். மிளகாய் சுட்டுத் தரும் கடைகளில் சுட்ட மூட்டையைக் கனத்த பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்கள். வீடு வந்து சேரும் வரை அது உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும். ஒரு மணி நேரப் பயணம் என்றால் பையின் வாயைத் திறந்து வையுங்கள். ஆய்வுக்கூடம் சொன்ன இரண்டு மணிக் கணக்கு சுட்ட நிமிஷத்திலிருந்தே ஓடுகிறது.

12 | மடிப்புக்காரர்

புரிட்டோ பக்கம் யாரும் வரவில்லையே, நான் எழுதுகிறேன்.

நியூ மெக்சிகோவில் காலை புரிட்டோ இரண்டு வகை. தட்டில் வைத்து மேலே சிலே ஊற்றிக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுவது ஒன்று. கையில் பிடித்துச் சாப்பிடுவது இன்னொன்று. அந்தப் பெயரில் உணவுப் பட்டியலில் முதலில் போட்டது நாங்கள்தான் என்று சான்டா ஃபேயின் டியா சோஃபியாஸ் உணவகம் 1975ஐச் சொல்லும். கார் ஜன்னல் வழியே விற்பது கைவகை. ஆல்புகர்க்கியில் 1971இலிருந்து இருக்கும் ஃபிரான்டியர் உணவகக் குடும்பமே நடத்தும் கோல்டன் பிரைடு இந்த வகைக்குப் பேர்போனது. கேள்வி கைவகையைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டார்ட்டியா 10 அங்குலம், மைதா. குளிர்ந்ததை மடித்தால் கிழியத்தான் செய்யும். மாவில் சேர்த்த கொழுப்பு இறுகிக் கிடக்கிறது, ஸ்டார்ச்சும் கெட்டிப்பட்டிருக்கிறது. எண்ணெயில்லாத சூட்டுக்கல்லில் பக்கத்துக்கு 20 வினாடி, பழுப்புப் புள்ளி வர ஆரம்பித்ததும் எடுத்துத் துணிக்குள். ஒரு நிமிஷம் தாண்டினால் அப்பளம். மைக்ரோவேவ் அந்த நேரத்துக்கு மிருதுவாக்கும், ஐந்து நிமிஷத்தில் ரப்பர்.

உள்ளே போவது, ஒரு புரிட்டோவுக்கு: முட்டை 2, உருளை 60 கிராம், துருவிய செடார் 30 கிராம், வாட்டிய மிளகாய் 40 கிராம், வேண்டுமானால் பேக்கன் 2 துண்டு. மொத்தம் 250 கிராமைத் தாண்டினால் 10 அங்குலத்தில் மூடாது. சீஸைக் கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவியே விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், உருகும்போது திரிதிரியாக நிற்கும்.

உருளைதான் இதில் ஸ்பாஞ்ச். துருவலோ துண்டோ, மொறுமொறுப்பாக வறுத்திருந்தால் மற்றவற்றின் ஈரத்தை அது குடிக்கும். வேகவைத்து அப்படியே போட்டால் தானும் ஈரம் விடும்.

முட்டையில் பால் ஊற்றாதீர்கள். பால் சேர்த்த முட்டை ஆறும்போது நீர் கக்கும். நடுத்தரச் சூட்டில் கிளறி, பளபளப்புப் போனதும் இறக்குங்கள்.

அடுக்கும் வரிசை: முதலில் சீஸ், டார்ட்டியாவின் மேலேயே. அது உருகிப் படலமாகும். அதன் மேல் உருளை, பிறகு முட்டை, முட்டைக்கு நடுவில் மிளகாய். மிளகாய் எந்த இடத்திலும் டார்ட்டியாவைத் தொடக் கூடாது. பொருளை மையத்துக்கு ஓர் அங்குலம் கீழே, ஆறு அங்குல நீளத்துக்குப் போட்டு, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, கீழ் விளிம்பைப் பொருள் மேல் போர்த்தி, விரல்களால் தன் பக்கமாக இழுத்து இறுக்கி, அப்புறம் உருட்டுங்கள். இழுக்காமல் உருட்டுகிறவர்களுக்குத்தான் அடியில் வழிகிறது. பாய் சுருட்டுகிற மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இழுப்பு.

மடிப்பு கீழே இருக்கும்படி கல்லில் 30 வினாடி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத் தாளில் சுற்றி இரண்டு நிமிஷம் விட்டுக் கொடுங்கள், சீஸ் அப்போதுதான் முழுசாக உருகும். கடைகளில் சூடு காக்கும் பெட்டி 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கணக்கு. ஆனால் பாதுகாப்பு வேறு, ருசி வேறு. தாளுக்குள் அரை மணிக்கு மேல் இருந்த டார்ட்டியா கொழுக்கட்டை மாவு மாதிரி ஆகிவிடும்.

13 | மேசைவிரிப்பு

பத்துப் பேருக்கு மொத்தமாகச் செய்து சூட்டிலேயே வைத்திருந்தால் முட்டை பச்சை நிறமாகிறதே, மிளகாய்ச் சாயமா?

14 | ஆய்வுக்கூடம்

மிளகாய் இல்லாமலே ஆகும். மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் நீடித்த சூட்டில் சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆவதுதான் அந்த நிறம். கெட்டுப்போனதல்ல. பத்து முட்டைக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு அடித்தால் வெகுவாகக் குறையும். இரும்பு வாணலியைத் தவிருங்கள். அதைவிட நல்லது சிறு சிறு தொகுதியாகக் கிளறுவது.

15 | கோவில்மணி

சைவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? முட்டை பரவாயில்லை, இறைச்சி கூடாது.

16 | கல்சூடு

நறுக்கிய கிரீன் சிலே வெறும் மிளகாய்தான். கவனிக்க வேண்டியது குழம்பு வடிவில் ஊற்றும் சிலே: பச்சைக் குழம்பில் கோழிச் சாறோ பன்றித் துண்டோ இருக்கலாம், சிவப்பில் பன்றி இன்னும் சகஜம். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் உண்டு, டார்ட்டியா மாவிலும் அது இருக்கலாம். 'இறைச்சி இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'லார்ட்' (பன்றிக் கொழுப்பு), 'கோழிச் சாறு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் வனஸ்பதியோ எண்ணெயோ போட்டாலே போதும்.

17 | பருப்புச்சட்டி

பீன்ஸ் என்றதும் வந்துவிட்டேன். பிண்டோ 450 கிராம், கல் பொறுக்கி, 8 மணி நேரம் ஊறல். ஆல்புகர்க்கி 1,600 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். குக்கர்தான் கதி, அதுவும் கடல் மட்டத்துக் கணக்கைவிட 15, 20 சதவீதம் கூட்டி. உப்பு ஊறலிலேயே போடலாம், தோல் மிருதுவாகும். தக்காளி, எலுமிச்சை வெந்த பிறகுதான், புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும். எவ்வளவு வேகவைத்தும் வேகவில்லையா? பழைய சரக்கு. ஒன்றும் செய்வதற்கில்லை.

18 | தூதுவளை

சிவப்பும் சொல்லிவிடுங்களேன். செய்தால் கசக்கிறது.

19 | சுள்ளி

கசப்புக்கு இரண்டே காரணம். ஒன்று, காய்ந்த மிளகாயைக் கல்லில் வறுக்கும்போது கருக விட்டது. பத்து வினாடி, வாசனை வந்ததும் எடுக்கணும், நிறம் மாறினால் போச்சு. இன்னொன்று, ஊறவைத்த தண்ணீரையே ஊற்றி அரைத்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

60 கிராம் காய்ந்த நியூ மெக்சிகோ சிவப்பு மிளகாய் (8, 10 காய்), காம்பும் விதையும் நீக்கி, கொதிநீரில் 20 நிமிஷம். 600 மில்லி தண்ணீர், 3 பல் பூண்டு, 1 டீஸ்பூன் உப்பு சேர்த்து நைசாக அரைத்து வடிகட்டுங்கள். தோல் துணுக்கு தங்கினால் தொண்டையில் ஒட்டும். ஒன்றரை மேசைக்கரண்டிக் கொழுப்பில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போகும் வரை வறுத்து, அரைத்ததை ஊற்றி 15, 20 நிமிஷம் மெல்லிய தீயில். சிட்டிகை ஓரிகானோ. சீரகம் போட்டால் டெக்சாஸ் பக்கம் சாய்ந்துவிடும். தக்காளி கூடவே கூடாது. நம் வத்தக்குழம்புக் கைக்குப் புளி தேடத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள்.

20 | எண்ணெய்ச்சட்டி

ஆல்சப்ஸ் பொரித்த புரிட்டோவை விட்டுவிட்டீர்களே. நியூ மெக்சிகோவின் குளோவிஸ் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த பெட்ரோல் பங்க் கடைச் சங்கிலி, மாட்டிறைச்சியும் பீன்ஸும் அடைத்து எண்ணெயில் பொரித்துத் தாளில் போட்டுக் கொடுப்பது. இதில் கிழிவது டார்ட்டியா தப்பால் அல்ல, உள்ளே நீர் இருப்பதால். பீன்ஸை வாணலியில் கரண்டி நிற்கும் அளவுக்கு வற்ற வைத்து, குளிர வைத்து, 8 அங்குல டார்ட்டியாவுக்கு 80 கிராம் மட்டும். ஓரத்தை மைதாப் பசையால் ஒட்டி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். எண்ணெய் 180 டிகிரி, மடிப்பு கீழே, 4, 5 நிமிஷம். உறைந்ததை நேரே போட்டால் வெளியே கருகும், நடுவில் பனி இருக்கும்.

அதே எண்ணெயில் சோபாபியா (உப்பிப் பொரியும் ரொட்டி) போடலாம். மைதா 2 கப், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், கொழுப்பு 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் முக்கால் கப். அரை மணி மூடி வைத்து, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துச் சதுரமாக வெட்டி, 195 டிகிரியில். பூரிக்குச் செய்கிற மாதிரியே மேலே எண்ணெயை அள்ளி ஊற்றினால் தலையணையாக உப்பும். உப்பாவிட்டால் எண்ணெய் சூடு போதவில்லை, அல்லது வெட்டிய துண்டுகள் காற்றில் காய்ந்துவிட்டன. தேனோடு சாப்பிடுவது.

21 | கோவில்மணி

ஹேட்ச் மிளகாய் கிடைக்காத ஊரில்? சென்னையில் பஜ்ஜி மிளகாய் போடலாமா?

22 | சுள்ளி

அமெரிக்காவுக்குள் என்றால் அனஹெய்ம் மிளகாய். அது நியூ மெக்சிகோ விதை கலிஃபோர்னியாவுக்குப் போய் வளர்ந்த கிளைதான், காரம் குறைவு. பத்துக்கு ஒரு ஹாலப்பேனோ சேர்த்துச் சுட்டால் சமமாகும். பொப்லானோ வேண்டாம் என்பேன், ருசி மண்ணாக இருக்கும்.

பஜ்ஜி மிளகாயில் அந்த மணம் வராது, சுடும் முறை மட்டும் பழகலாம். சதை மெல்லிசு என்பதால் நேரத்தைப் பாதியாக்குங்கள். லேபிளில் 'நியூ மெக்சிகோ' என்று இருந்தால் நம்பலாமா என்றும் கேட்பீர்கள்: அந்த மாநிலத்தில் விளையாததை அந்தப் பெயரில் அங்கே விற்கக் கூடாது என்று 2011இல் சட்டம் வந்தது. மற்ற மாநிலத்துக் கடையில் விற்கும் 'ஹேட்ச் ஸ்டைல்' என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

23 | வெங்கலப்பானை

எல்லோருக்கும் நன்றி. வடித்து, வாட்டி, பன்னைக் கல்லில் கவிழ்த்துச் செய்ததில் அடிப் பன் கடைசி வரை காய்ந்தே இருக்கிறது. வாசனையும் பாதி திரும்பிவிட்டது. ஒரே குறை: கடிக்கும்போது மிளகாய் நீளமாக இழுத்துக்கொண்டு மொத்தமாக வெளியே வருகிறது.

24 | கல்சூடு

நீளவாக்கில் கிழித்திருப்பீர்கள், அல்லது டப்பாவில் 'கீற்று' வாங்கியிருப்பீர்கள். நார் நீளவாக்கில்தான் ஓடும். குறுக்காக, கால் அங்குலத்துக்கு நறுக்குங்கள். அதைவிடப் பொடியாக்கினால் கல்லில் கூழாகும்.

25 | பாலைக்காற்று

கூடவே, மிளகாயை வில்லையின் ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே நிறுத்துங்கள். சீஸ் ஓரத்தில் இறைச்சியைத் தொட்டு ஒட்டணும், மிளகாய் பொட்டலம் கட்டின மாதிரி உள்ளே இருக்கணும்.